மருந்து வைத்தது யார்?

“உன் மவ என் புள்ளைக்குச் சோத்துல மருந்து வச்சிட்டாடா!”

என் அக்கா விருத்தாம்பாள் போனில் இப்படிக் கத்தியதோடு போன வாரம் நிறுத்தினேன். அதற்கு மேல் அன்றைக்கு எனக்கே கை ஓடவில்லை.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. என் மகள் அருள்மொழியை வெளியில் கொடுக்கவில்லை. அக்கா மகன் செந்தமிழ்செல்வனுக்கே, வீட்டில் செல்வம், கட்டி வைத்தேன். அதனால் விருத்தாம்பாள் எனக்கு அக்காவும் ஆச்சு, சம்பந்தியும் ஆச்சு. அவர்கள் கடலூர் முதுநகரில். நான் காட்டுமன்னார்கோயில் பக்கம். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. அருள்மொழியைக் காட்டாத ஆஸ்பத்திரி இல்லை. குறை ஒன்றும் இல்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஆனாலும் தெருவில் வளைகாப்பு என்றால் அக்கா அவளை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் போவாள்.

இப்போது புதிதாக இந்த மருந்துப் பேச்சு.

செல்வம் கொஞ்ச நாளாக மாறிப் போனானாம். கம்பெனிக்கு அருள்மொழி கட்டிக் கொடுக்கிற சோற்றைத் தொடுவதில்லையாம். சாம்பாரைப் பின்னால் சாக்கடையில் ஊற்றியதை அக்காவே பார்த்தாளாம். பவுடர் போடுவதில்லை, சென்ட் அடிப்பதில்லை, கடையிலிருந்து கவரில் டீ வாங்கி வந்தால் எழுந்து போய்விடுகிறான். நான் சீராகக் கொடுத்த பிளாஸ்டிக் டப்பா செட்டை மூட்டையாகக் கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டான்.

“பொண்டாட்டி கை சோறு ஏன் இறங்கல? உள்ள மருந்து இருக்குது. அது சோத்தை ஒதுக்குது” என்றாள் அக்கா. “மருந்து எடுக்கற பொம்பளை ஒருத்தி சிதம்பரம் பக்கத்துல இருக்கறா. நீயும் வா. உன்னை வச்சிக்கிட்டு எடுத்தாத்தான் நாளைக்கி நான் பொய் சொன்னேன்னு சொல்ல மாட்ட.”

இது எனக்கு உறுத்தியது. என்னை எதற்குச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாள்?

சிதம்பரம் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே போனேன். அக்காவை நான் நம்பவில்லை. மாப்பிள்ளையையும் நம்பவில்லை. சோற்றை வேண்டாம் என்கிற ஆம்பளைக்கு வேறு எங்கோ சோறு கிடைக்கிறது என்பது என் கணக்கு. லால்பேட்டை தாண்டுவதற்குள் என் மகள் மேலேயே ஒரு நொடி சந்தேகம் வந்தது. புருஷனைக் கைக்குள் போடுகிறேன் என்று எவள் பேச்சையாவது கேட்டு எதையாவது கலந்து தொலைத்துவிட்டாளோ?

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் நின்றார்கள். அக்கா கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. செல்வம் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

“வாங்க மாமா.”

“அருள்மொழி எங்க?”

“வீட்டுல” என்று அக்கா முந்திக்கொண்டாள். “கோயிலுக்குப் போறோம்னு சொல்லிட்டு வந்தேன். வச்சவளையே கூட்டிக்கிட்டு வருவாங்களா யாராச்சும்?”

“வச்சாளா இல்லியான்னு பாக்கத்தான போறோம்? அதுக்குள்ள தீர்ப்பு சொல்லிட்டியே.”

“ஏறுடா ஆட்டோவுல.”

மருந்து எடுக்கிறவள் பெயர் சின்னம்மாள். ஊருக்கு வெளியே ஒரு கல்நார் ஓட்டு வீடு. வாசலில் வரிசையாக ஆட்கள். எல்லா ஆம்பளை பக்கத்திலும் ஓர் அம்மா. ஒருத்தன் பக்கத்தில்கூடப் பெண்டாட்டி இல்லை. அதைக் கவனித்தேன்.

எங்கள் முறை வந்தது. சின்னம்மாள் செல்வத்தின் கையைப் பிடித்துப் பார்த்தாள். கண்ணை இழுத்துப் பார்த்தாள். “நாள்பட்ட மருந்து” என்றாள். பிறகு ஏதோ தழையைக் கொதிக்க வைத்த கஷாயத்தை, ஆவி பறக்க, ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

செல்வம் வாங்கவில்லை.

“சில்வர் டம்ளர் இல்லீங்களா?” என்று கேட்டான்.

அக்கா என் விலாவில் இடித்தாள். “பாத்தியா! மருந்து பேசுது. குடிக்க விடாம தடுக்குது.”

“குடிக்கறேம்மா. வேற டம்ளர்ல ஊத்திக் குடுங்கன்றேன்.”

“உள்ள இருக்கறது வெளிய வர பயப்படுது தம்பி. குடிச்சிரு” என்றாள் சின்னம்மாள்.

அவன் அந்த டம்ளரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். கஷாயத்தைப் பார்த்துப் பயந்தவனாகத் தெரியவில்லை. டம்ளரைப் பார்த்துப் பயந்தான். கடைசியில் அக்கா மூக்கைப் பிடிக்காத குறையாக ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் குடலே வந்துவிடும்போல வாந்தி எடுத்தான். சின்னம்மாள் தட்டில் பிடித்து, விரலால் துழாவி, சுண்டைக்காய் அளவு ஒரு முடி உருண்டையை எடுத்துக் காட்டினாள்.

நான் அவள் வலது கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இடது கையை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டேன். என்ன செய்வது, ஒரு ஆளுக்கு இரண்டு கண்தான்.

“ஊட்டுப் பொம்பளை வச்சது” என்றாள்.

“கேட்டியாடா?” அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உருண்டையைக் காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகினாள். “இனிமே அவ என் வீட்டு அடுப்பைத் தொடக் கூடாது. சாயந்தரமே நீ கூட்டிக்கிட்டுப் போயிடு. என் புள்ளைக்கி வேற வழி நான் பாத்துக்கறேன்.”

அப்போதுதான் விஷயம் எனக்குப் பிடிபட்டது. சாட்சிக்கு என்னைக் கூப்பிடவில்லை. பெண்ணைத் திரும்ப அழைத்துப் போகத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

செல்வம் சுவரைப் பிடித்தபடி நின்றான். பெண்டாட்டி மேல் இவ்வளவு பெரிய பழி விழுகிறது. ஒரு வார்த்தை பேசவில்லை.

கோயிலுக்குப் போய் ஓர் அர்ச்சனை பண்ணிவிட்டு வருகிறேன் என்று திரும்பும் வழியில் அக்கா கீழவீதியில் ஆட்டோவை விட்டு இறங்கினாள். அவள் கோபுரவாசல் தாண்டியதுதான் தாமதம், நான் செல்வத்தின் சட்டையைப் பிடித்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் அவனை மாப்பிள்ளை என்றுதான் மரியாதை கொடுத்துப் பேசுகிறேன். ஆனால் தூக்கி வளர்த்த மருமகன் இல்லையா, கோபம் வந்தால் பழைய பேச்சு வந்துவிடும்.

“டேய், எவடா அவ?”

“எவ மாமா?”

“எவ வீட்டுல சாப்புடற?”

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. “கம்பெனி கேன்டீன்ல மாமா. எல தட்டுல.”

“அப்ப என் பொண்ணு சோத்துக்கு என்ன கேடு?”

“சோத்துக்கு ஒண்ணும் இல்ல. கொதிக்கக் கொதிக்க பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு மூடிடுவா. அது வேணாம்னு டாக்டர் சொன்னாரு.”

“என்ன டாக்டர்?”

அவன் தெருவை முன்னும் பின்னும் பார்த்தான். பிறகு, “கொறை எனக்குத்தான் மாமா” என்றான். “திரும்ப ஒரு டெஸ்ட் எடுக்கச் சொன்னாரு. நேத்தே வந்து குடுத்துட்டேன். இன்னிக்கி ரிசல்ட் வாங்கணும். வர்றீங்களா?”

கடலூரில் பார்த்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று சிதம்பரத்தில் பார்த்திருக்கிறான். பொம்பளையை ஊர் பார்க்க ஆஸ்பத்திரி வாசலில் உட்கார வைக்கலாம். ஆம்பளை என்றால் ஊர் விட்டு ஊர் வர வேண்டும்.

டாக்டர் பெயர் அறிவுமதி. என் வேட்டிக்கு இருக்கிற வயசுகூட இருக்காது. சுவரில் வழவழவென்று படங்கள். இவன் எதையோ விற்கத்தான் போகிறான் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

“கொஞ்சம் ஏறியிருக்கு” என்றார் செல்வத்திடம். “இன்னமும் கம்மிதான். ரொம்ப சந்தோஷப்படவும் வேணாம், பயப்படவும் வேணாம். இன்னொரு வாட்டி பாப்போம்.”

“எதுங்க ஏறியிருக்கு?” என்றேன்.

“விந்துல உயிரணு ஐயா. முதல்ல ரொம்பக் குறைவா இருந்துச்சு. இருந்ததும் சரியா நீந்தல.”

“எதனால?”

“காரணம் நெறைய இருக்கலாம். நரம்புல கோளாறு, காய்ச்சல், பீடி சிகரெட், சொந்தத்துல கட்டறதால வர்ற சிக்கல், எல்லாம் பாத்தோம். பெருசா எதுவும் இல்ல. அப்புறம்தான் வேலையைப் பத்திக் கேட்டேன்.”

செல்வம் குடிகாடு பக்கத்தில் ஒரு சின்ன ஒயர் கம்பெனியில் மிக்சிங்கில் நின்றவன். கரண்டு ஒயர்மேல் சுற்றி வருகிற பிளாஸ்டிக்கை மெத்தென்று ஆக்க எண்ணெய் மாதிரி ஒரு கெமிக்கலை ஊற்றிச் சூடேற்றுகிற இடம். அந்த ஆவியைத்தான் வருஷக்கணக்காகக் குடித்திருக்கிறான். முகத்தில் ஒரு கைக்குட்டை. அவ்வளவுதான்.

“அந்த மாதிரி கெமிக்கல் சிலது ஒடம்புக்குள்ள போனா ஆம்பளை ஹார்மோனைக் கொழப்பலாம்னு ஆராய்ச்சி சொல்லுது” என்றார் டாக்டர். “அது கம்பெனியில மட்டும் இல்லீங்க. நம்ம வீட்டு பிளாஸ்டிக்லயும் கொஞ்சம் இருக்கலாம். சூடா சாம்பாரு, சூடா டீ ஊத்தினா எறங்கலாம். வாசனை சாமான் சிலதுல இருக்கலாம். வயலுக்கு அடிக்கற மருந்துலயும் சிலது இப்படிச் செய்யலாம்.”

“லாம், லாம்னா எப்பிடி? ஆவுமா ஆவாதா?”

“அதான் ஐயா கஷ்டம். இவருக்கு இதனாலதான்னு விரல் வச்சு சொல்ல முடியாது.”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. சுற்றிச் சுற்றி நான் கொடுத்த சீர் டப்பா மேலேயே பழி வருகிறது. “தம்பி, நான் நாப்பது வருசம் மருந்தடிச்சவன். தெளிப்பானைக் கழட்டி வச்சிட்டு அதே கையோட கூழு குடிச்சவன். எனக்கு நாலு புள்ள. அதுக்கு என்ன சொல்ற?”

“உங்களுக்கு ஒண்ணும் ஆவல. நல்லது. உங்களோட மருந்தடிச்ச எல்லாருக்கும் புள்ள இருக்குதுங்களா?”

எங்கள் வாய்க்கால் பங்காளி ராமாமிர்தம் ஞாபகத்துக்கு வந்தான். என்னைவிட அதிகமாக மருந்தடித்தவன். இரண்டு கல்யாணம் பண்ணினான். இரண்டு பேரையும் ஊர் மலடி என்றது. முதல் பெண்டாட்டி பிறந்த வீட்டுக்குப் போய், அப்புறம் எங்கே போனாள் என்றே தெரியாது. ராமாமிர்தத்தை மட்டும் சாகிற வரைக்கும் எந்த டாக்டரிடமும் யாரும் காட்டவில்லை. மருந்துதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள யாருமே பார்க்கவில்லை.

ஆனாலும் விடவில்லை.

“சரி, கம்பெனிதான் காரணம்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. கேஸ் போடறேன்.”

“எழுத முடியாதுங்க.”

“பயமா?”

“பயம் இல்ல. தெரியாததை எப்பிடி எழுதறது?”

தெரியாது என்று சொல்கிற டாக்டரை என் ஆயுசில் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதனாலேயே சந்தேகம் ஜாஸ்தியாச்சு. இவன் விற்கிற சாமான் எங்கே? மாத்திரைகூட ஒரே ஒரு சத்து மாத்திரைதான். மிக்சிங்கில் நிற்காதே, சூடான எதையும் பிளாஸ்டிக்கில் வைக்காதே, விந்து புதிதாக ஊறி வர மூன்று மாசம்போல ஆகும், பொறுத்துப் பார் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறான். செல்வமும் முதுகு வலி என்று சூப்பர்வைசரிடம் பொய் சொல்லி பேக்கிங்குக்கு மாறியிருக்கிறான்.

எழுந்திருக்கும்போது டாக்டர் சொன்னார். “உங்க பொண்ணு ரிப்போர்ட்டையும் இவரு காட்டினாரு. அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. அது மட்டும் எனக்குத் தெளிவாத் தெரியும்.”

வெளியே வந்ததும் செல்வம் என் கையைப் பிடித்தான். “மாமா, அம்மாகிட்ட நீங்க பேசுங்க.”

“நானா? நான் சொன்னா, பொண்ணைப் பெத்தவன் கதை கட்டறான்னு உங்கம்மா தெருவைக் கூட்டுவா. உன் வாயால சொல்லு. இன்னிக்கே சொல்லு. சொல்லலன்னா என் பொண்ணு போறது மலடின்ற பேரோட மட்டும் இல்ல, மருந்து வச்சவளுன்ற பேரோட. புரியுதா?”

“கம்பெனியில தெரிஞ்சா சிரிப்பானுங்க மாமா.”

“சிரிக்கட்டும். அவனுங்களும் அந்த ஆவியைத்தான குடிக்கறானுங்க? டெஸ்ட் எடுத்துட்டு வந்து சிரிக்கச் சொல்லு.”

கடலூர் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம். நடுவில் செல்வம். இந்தப் பக்கம் நான். அக்கா விபூதியை எல்லார் நெற்றியிலும் பூசினாள். புதுச்சத்திரம் தாண்டியும் அவன் வாயைத் திறக்கவில்லை. நான் தொடையில் கிள்ளினேன். அப்பவும் திறக்கவில்லை.

முதுநகர் வீட்டில் அருள்மொழி குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “யப்பா! சொல்லவே இல்லியே நீ வர்றேன்னு. கோயிலுக்கு நீயுமா போன?”

“அடுப்பை விட்டு எழுந்திரு” என்றாள் அக்கா.

“ஏன் அத்தை?”

அக்கா இடுப்பிலிருந்த காகிதத்தை எடுத்து அவள் முன்னால் பிரித்தாள். “இது இன்னா? சொல்லு. என் புள்ள வயித்துலேருந்து எடுத்தது. மருந்து வச்சவ முடி.”

அருள்மொழி குனிந்து பார்த்தாள். பயப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஜடையை இழுத்து முன்னால் போட்டாள்.

“என் முடி சுருட்டை அத்தை. இது கோரை முடி. நம்ம வீட்டுல கோரை முடி உங்களுக்குத்தான இருக்கு?”

“வாயப் பாரு! என்னையே திருப்பறா.”

“சாயந்தரமே கூட்டிக்கிட்டுப் போவச் சொன்னியே அக்கா, மாப்பிள்ளையும் ஒரு வார்த்தை சொல்லட்டும்” என்றேன் நான். செல்வத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான், அதற்கு மேல் நான் பேசப் போவதில்லை.

அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். “அவ ஒண்ணும் வைக்கல” என்றான். அம்மாவைப் பார்த்துத் திரும்பச் சொன்னான். “அருளு ஒண்ணும் வைக்கல. கொறை என்கிட்ட. டாக்டர்கிட்ட பாத்துக்கிட்டு இருக்கறேன். அந்த டப்பா சோறு வேணாம்னது அவரு சொல்லித்தான். மிக்சிங்ல நிக்கக் கூடாதுன்னதும் அவருதான். புள்ள இல்லாததுக்கு அவ காரணம் இல்ல.”



அக்கா, “வாய மூடுடா” என்றாள்.

என்ன குறை என்று கேட்கவில்லை. எந்த டாக்டர் என்று கேட்கவில்லை. பெற்றவள் நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டாமா? வாயை மூடு என்கிறாள். எனக்கு அது இடித்தது.

அருள்மொழி அடுப்பை அணைத்தாள். நான் எதிர்பார்த்த சந்தோஷம் அவள் முகத்தில் இல்லை.

“எப்பத் தெரியும் மச்சான்?”

“இப்பதான்... கொஞ்ச நாளா...”

“என்னை மயக்கங் குடுத்து, வயித்துல ஓட்டை போட்டு உள்ள பாத்தாங்களே. எழுந்து நிக்க முடியாம நீதான தூக்கி உக்கார வச்ச. அதுக்கு முன்னாடி தெரியுமா, பின்னாடி தெரியுமா?”

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

“முன்னாடி” என்றான்.

அருள்மொழி அழவில்லை. தலையை ஆட்டிக்கொண்டாள், கடைக்காரன் விலை சொன்னதைக் கேட்டுக்கொள்கிறவள் மாதிரி. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“உனக்கு எப்பப்பா தெரியும்?”

“இன்னிக்கி மத்தியானம்தாம்மா. சத்தியமா.”

“மத்தியானம் தெரிஞ்சிருக்கு. சிதம்பரத்துலேருந்து இவ்ளோ தூரம் பஸ்ஸுல உக்காந்து வந்திருக்க. எனக்கு ஒரு போன் போடணும்னு உனக்குத் தோணல.”

“அவன் வாயால வரணும்னு...”

“என்னோட ஒடம்பைப் பத்தின பேச்சு. எல்லாரும் முடிவு பண்ணிட்டு எனக்குக் கடைசியா சொல்றீங்க.”

ஊரையே சந்தேகப்படுகிறவன் நான். என்னை ஒருத்தர் சந்தேகமாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அதுவும் நான் பெற்ற பெண்.

“துணியை எடுத்து வையி, நம்ம வீட்டுக்குப் போவலாம்” என்றேன்.

“போறதும் இருக்கறதும் நான் பாத்துக்கறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு தெரியணும்.” அவள் செல்வத்தின் எதிரில் போய் நின்றாள். “மச்சான், என்னை ஆப்பரேசன் தியேட்டருக்குள்ள தள்ளிக்கிட்டுப் போன அன்னிக்கி, வெளிய நின்னவங்கள்ல உன்னைத் தவிர யாருக்கெல்லாம் தெரியும்?”

செல்வத்தின் கண் அவள் தோளைத் தாண்டிப் போனது.

நானும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அக்கா எங்கள் மூன்று பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சாமி மாடத்தில் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். தீக்குச்சி பற்றவே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று உரசிக்கொண்டே இருந்தாள்.